மாடி யாருக்கு?

வயதான அம்மாவோ அப்பாவோ தனியாக இருக்கும் பெரிய வீட்டை என்ன செய்வது என்ற பேச்சு, எங்கள் தலைமுறையில் பெரும்பாலும் வாட்ஸப் குழுவில்தான் தொடங்குகிறது. வித்துட்டுச் சின்னதா ஒரு ஃப்ளாட் பாத்துடலாம் என்பது ஒரு கட்சி. இருக்கிற வீட்டையே சரிபண்ணிடலாம் என்பது இன்னொரு கட்சி. சதுர அடி, எஸ்டிமேட், மார்க்கெட் விலை எல்லாம் வந்து விழும். அந்த வீட்டில் இருப்பவரும் அதே குழுவில்தான் இருப்பார். காலை வணக்கப் படம் மட்டும் அனுப்புவார்.

என் அம்மாவுக்கு 71 வயது. அறந்தாங்கியில் இருக்கிறார். அப்பா சிங்கப்பூரில் சம்பாதித்து 1996இல் கட்டிய வீடு. கீழே ஹால், இரண்டு அறைகள், சமையல்கட்டு. குளியலும் கழிப்பறையும் கொல்லையில். மாடியில் எனக்கு ஓர் அறை, அக்காவுக்கு ஓர் அறை. அப்பா இப்போது இல்லை. நான் சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன், அக்கா திருச்சியில். மாடி வருஷத்துக்குப் பத்து நாள் திறக்கும். இதில் எங்கள் வீட்டுக்கென்று தனிக்கதை ஏதும் இல்லை. அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று கடற்கரைப் பக்கம் போனால், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழுந்து பாதி பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

முதுமையில் சின்ன வீட்டுக்கு மாறுவதை மேற்கில் ஒரு வாழ்க்கைத் திட்டமாகவே பேசுகிறார்கள். சாவதற்கு முன்னால் நம் சாமான்களை நாமே கழித்துவிட வேண்டும், பிள்ளைகள் தலையில் அந்த வேலையைக் கட்டக்கூடாது என்று ஸ்வீடனைச் சேர்ந்த மார்கரெட்டா மக்னுஸன் 2017இல் எழுதிய சின்னப் புத்தகம் உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. நல்ல யோசனைதான். ஆனால் அங்கே சின்ன வீட்டுக்குப் போகிறவர் தன் பெயரில் உள்ள இன்னொரு வீட்டுக்குப் போகிறார், அல்லது தானே வாடகை கட்டும் வீட்டுக்கு. இங்கே நாம் சின்ன வீடு என்று சொல்வது (தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பதை விட்டுவிடுவோம்) பெரும்பாலும் மகன் வீட்டின் ஓர் அறை.

அக்கா ஒருதடவை இதைப் பேச்செடுத்தபோது அம்மா கேட்டது இதுதான்: “அங்க வந்து நான் யாரப் பாத்து ‘வாங்க’ன்னு சொல்றது?”

இதை வெறும் ஏக்கமாக எடுத்துக்கொள்ள முடியாது. வாசலில் வந்து நிற்பவரை ‘வாங்க’ என்று அழைப்பவருக்கு அந்த வீட்டில் ஓர் இடம் இருக்கிறது. வந்தவருக்குக் காபியா மோரா என்று முடிவுசெய்வது, சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று அதட்டுவது, பிடிக்காதவரைத் திண்ணையோடு அனுப்பிவிடுவது எல்லாம் அந்த இடத்தின் அதிகாரங்கள். மகன் வீட்டுக்குப் போன மறுநாள் அவை இன்னொருவர் கைக்குப் போய்விடும். மருமகள் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும், அவளுடைய நல்ல குணத்தை நம்பித்தான் அம்மா ஒரு டம்ளர் காபி கொடுக்க முடியும்.

சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா? அதுவும் முடியாது. கீழே விழுவதால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அப்படி விழுந்து இறப்பது அதிகமும் 60 வயதைத் தாண்டியவர்களிடம். கொல்லையில் கழிப்பறை உள்ள வீட்டில் இந்த எண்ணுக்கு உரை தேவையில்லை. ராத்திரி இரண்டு மணி, ஈரத் தரை, ஒரு படி, கரண்ட் இல்லை. ‘அவங்க இஷ்டம்’ என்று சொல்லிவிட்டு சென்னையில் தூங்குவதை மரியாதை என்று அழைக்க எனக்குக் கூசுகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மா ஏற்கெனவே வீட்டைச் சுருக்கிக்கொண்டார். கட்டில் ஹாலுக்கு வந்துவிட்டது. துணிகள் ஒரே அலமாரிக்குள். ஹால், சமையல்கட்டு, திண்ணை, கொல்லை. மீதி அறைகளில் அவர் வாழவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் மாடி ஏறிப் பெருக்கித் துடைக்கிறார். முட்டிவலியோடு பதினெட்டுப் படி. ஏம்மா என்றால், “நீங்க வந்தா படுக்கணும்ல.”

அதாவது, சுருக்கிக்கொண்டது அம்மா. பெரிய வீட்டை வைத்திருப்பது நாங்கள். எங்கள் ‘சொந்த ஊர்’ என்ற நினைப்புக்கான பராமரிப்புச் செலவு அவர் முட்டியில் இறங்குகிறது. விற்கலாம் என்ற பேச்சு அக்காவின் பயத்திலிருந்தும், விற்க வேண்டாம் என்ற பேச்சு என் பொங்கல் விடுமுறையிலிருந்தும் வருகிறது. அவர் உடம்பு இரண்டு கணக்கிலும் வரவில்லை.

பக்கத்துச் செட்டிநாட்டில் இதன் பெரிய வடிவத்தைப் பார்க்கலாம். வளவைச் சுற்றிக் கல்யாணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை என்று கட்டிய வீடுகள். பங்காளிகள் உலகம் முழுக்கப் போய்விட, பல வீடுகள் கல்யாணத்துக்கும் சாந்திக்கும் மட்டும் திறக்கின்றன. பங்குகள் பெருகப் பெருக, யாரும் தனியாகப் பழுதுபார்க்கவும் முடியாது, விற்கவும் முடியாது. கடைசியில் பிரித்தெடுத்த பர்மா தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துசேர்கின்றன. 1996இல் திறக்கப்பட்ட முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீடு பத்திரமாக இருக்கிறது. எல்லோரும் போய்ப் பார்க்கிறோம். யாரும் அங்கே குடியிருப்பதில்லை.

சுருக்குவதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகையும் உண்டு. ஒரு சுவரையும் தொடாமல் பத்திரத்தில் நடப்பது. ‘எழுதிக் குடுத்துட்டா நிம்மதி’ என்று செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த மறுநாள், வீட்டுக்காரர் அதே கட்டிலில் படுத்திருக்கும் குடித்தனக்காரர் ஆகிறார். 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23ஆவது பிரிவு வந்ததே இதற்காகத்தான். கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்கத் தவறினால், கோட்டாட்சியர் முன் முறையிட்டு அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இது முதியவர்களுக்கு நன்மை செய்ய வந்த சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு தாயிடம் வீட்டைத் திருப்பிக் கொடுத்தது.

இதற்கு நேரெதிரான வழியும் இருக்கிறது. வீட்டிலேயே இருந்துகொண்டு, அதன்மீது வங்கியிடம் மாதாமாதம் பணம் வாங்கிச் செலவழிக்கும் தலைகீழ் அடமானம். 2007-08 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நம் ஊரில் போணியாகவில்லை. வீட்டை நாமே சாப்பிட்டுத் தீர்ப்பதாவது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். நீங்க சாப்பிடுங்க என்று பிள்ளைகளும் வாய்திறந்து சொல்வதில்லை.

பழுதுபார்ப்பதிலும் இதே கேள்விதான். நாங்கள் முதலில் பேசிய பழுது என்ன? முகப்புக்கு எலிவேஷன், மாடுலர் கிச்சன், மாடி அறைக்கு ஏசி. எல்லாம் வருஷத்தில் பத்து நாளுக்கு. அம்மாவின் உடம்பை வைத்துக் கணக்குப் போட்டால் பட்டியல் வேறாகிறது. வீட்டுக்குள்ளேயே உயரக் கழிப்பறை, சுவரில் கைப்பிடி, வழுக்காத தரை, கட்டிலிலிருந்து அங்கே போகும்வரை அணையாத சின்ன விளக்கு. வாசலில் மூன்று படி, ஒன்றரை அடி உயரம். சாய்தளம் போட்டால் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதப்படி 18 அடி நீளம் வேண்டும். எங்கள் வாசலில் இடமில்லை. ஆகவே இப்போதைக்குப் படிக்கு இரண்டு பக்கமும் பிடிமானம்.

மாடியை என்ன செய்வது? பூட்டியே போட்டுடலாம் என்றேன். அம்மா கஜாவை ஞாபகப்படுத்தினார். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்த புயல் எங்கள் மாவட்டத்தையும் புரட்டிப்போட்டது. தெருவில் ஓடு பறந்த வீட்டுக்காரர்கள் வாரக்கணக்கில் எங்கள் மாடியில்தான் படுத்தார்கள். “மாடின்னா உங்களுக்குன்னு யாருப்பா சொன்னா? கீழ இல்லாதவங்களுக்குத்தான் மாடி,” என்றார்.

வழியைச் சொன்னதும் அவரேதான். மாடிக்கு வெளிப்படி இருக்கிறது. அக்காவின் அறையைச் சமையலறையாக மாற்றி ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார். வாடகை அவர் கணக்குக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை மாடி ஏறுவது நின்றது. ராத்திரியில் ஒரு சத்தம் கேட்டால் இறங்கிவர மேலே ஆள் இருக்கிறது. கொல்லைக் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. பத்திரம் அவர் பெயரிலேயே இருக்கிறது.

இது எல்லார் வீட்டுக்கும் பொருந்தும் தீர்வு இல்லை. மாடியும் வெளிப்படியும் இல்லாத வீடுகள் உண்டு. படுத்த படுக்கையானவர்கள் உண்டு. நாளைக்கு அம்மாவுக்கே முடியாமல் போனால் கணக்கைப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அதனால்தான் விற்பது, எழுதிக் கொடுப்பது போன்ற திரும்பி வரமுடியாத முடிவுகளைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறோம். கைப்பிடியைக் கழற்றலாம், வாடகையை நிறுத்தலாம், விற்ற வீட்டுத் திண்ணைக்குப் போய் உட்கார முடியாது. சுருக்குவதா சரிபண்ணுவதா என்று இனி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முடிந்தபிறகு அந்த வாசலில் ‘வாங்க’ என்று சொல்லப்போவது யார்?

எங்கள் வீட்டில் அது அம்மா. எனக்கு அங்கே இப்போது அறை கிடையாது. ஊருக்குப் போனால் ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறேன்.