விரலுக்கு உரிய ஹக்கு



பாயான் லெப்பாஸில் 1972-ஆம் ஆண்டில் சுதந்திர வர்த்தகத் தொழிற்பேட்டை எழுந்தது முதல், அங்குள்ள ஆலைத் தொழிலாளரின் பசியை ஆற்றி வருவோரில் நம்மவர் பலர். 2023 நவம்பரில் அதற்கு அண்டையிலுள்ள பத்து மாவுங்கில், கட்டப்பட்டு வந்த பண்டகசாலை சரிந்து பங்களாதேசத் தொழிலாளர் மாண்டபோது நாடே பதறிற்று. நாமும் துஆச் செய்தோம். ஆனால் தேங்காய் துருவும் இயந்திரத்திலோ, இறைச்சி அரைக்கும் இயந்திரத்திலோ, மசாலா மில்லின் வாரிலோ ஒரு விரல் போனால் அது பத்திரிகைக்கு வருவதில்லை. கடைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

எப்படி முடிகிறது? ஊரிலிருந்து வந்த பையனின் ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கொடுக்கிறார். பிறகு ஓராயிரமோ ஈராயிரமோ வெள்ளியைக் கையில் வைத்து, "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், தம்பி" என்று சொல்லி விமானம் ஏற்றிவிடுகிறார். ஸதக்காச் செய்த நிறைவும் அவருக்கு உண்டாகிறது. பட்ட கடனைக் கொடுத்துவிட்டு அதைத் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்ளும் வியாபாரி நம்மில் உண்டா?

நம் மார்க்கம் விரலைக் கணக்கில் வைத்திருக்கிறது. யமன் தேசத்தாருக்காக அம்ரு இப்னு ஹஸ்மு (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் கொடுத்தனுப்பிய நிருபத்தில், விரல் ஒன்றுக்குப் பத்து ஒட்டகம் எனத் தியத் விதிக்கப்பட்டுள்ளது. சுண்டுவிரலும் கட்டைவிரலும் சமம் என்று ஹதீஸும் உண்டு. உமர் (ரலி) அவர்கள் முதலில் விரல்களின் பயனுக்கேற்ப ஈட்டைக் கூட்டியும் குறைத்தும் தீர்த்து, பின்னர் அந்நிருபத்தின் செய்தி தெரிந்ததும் தம் தீர்ப்பை விட்டுவிட்டார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. உமர் (ரலி) அவர்களே தம் அபிப்பிராயத்தைக் கைவிட்ட இடத்தில், நாம் நம் மனத்துக்குத் தோன்றிய தொகையை வைக்கிறோம்! இயந்திரத்தால் வந்த காயத்திற்குத் தியத் நேரே பொருந்துமா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். விரலின் ஈடு முதலாளியின் மன இரக்கத்தைப் பொறுத்ததன்று என்பதற்கு இது போதும்.

நாட்டம் அல்லாஹ்வுடையதுதான். ஆனால் வேலை விரைவில் முடியட்டும் என்று இயந்திரத்தின் காப்பு மூடியைக் கழற்றிவைக்கச் சொன்னது யார்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம்.

இந்நாட்டில் அந்த ஹக்கு சென்றடைய வழியும் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது சொக்ஸோ. 1993 முதல் அயல்நாட்டார் அதற்குப் புறம்பே வைக்கப்பட்டு, 1952-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின்படி ஒரே தொகையோடு அனுப்பப்பட்டனர். 2019 ஜனவரி முதல் அவர்களும் சொக்ஸோவில் சேர்க்கப்பட்டுள்ளனர். தொழில் விபத்துக்கான சந்தா சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்றேகால். அது முழுவதும் முதலாளியைச் சேர்ந்தது. மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாதிருந்தால் நாட்கூலியில் நூற்றுக்கு எண்பது கிடைக்கும். ஊனம் நிலைத்துவிட்டால், அதன் அளவைப் பொறுத்து மொத்தத் தொகையோ மாத உபகாரச் சம்பளமோ உண்டு. இதற்கெல்லாம் முதற்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி அறிவிப்பதுதான். பெயரைப் பதியாமல், சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, விசாரணை வருமே என்று அஞ்சிப் பையனை அனுப்பிவிட்டால், ஆயுள் முழுவதும் அவனுக்கு வரக்கூடிய பணத்தை நாம் ஈராயிரம் வெள்ளிக்கு வாங்கிவிட்டோம் என்று பொருள். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவனுக்கு மறுமையில் தானே எதிர்வழக்காளியாய் நிற்பதாக அல்லாஹ் கூறுவதை ஹதீஸ் குத்ஸியில் நாம் கேட்டிருக்கிறோம்.

படிவம் நிரப்பத் தெரியாதோர் ஜும்ஆவுக்குப் பின் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். குற்றம் சொல்ல அன்று, எழுதித் தரவே காத்திருக்கிறோம். சென்ற ஆண்டுகளில் அவ்வாறு அனுப்பப்பட்ட பையன் எவனேனும் இருந்தால், அவன் ஊர் விலாசம் உங்கள் கடைப் பழைய கணக்கில் இருக்கும். அதையும் தேடி எடுத்து வாருங்கள்.