அத்தாட்சி இல்லாத வலி

வலியை மாத்திரை போட்டு விரட்டுகிறவன் தன் அனுபவத்துக்கு முதுகு காட்டுகிறான் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவர் கவிஞர், தலைவலி வந்து அறியாதவர். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் நம் வட்டாரத்தில் இம்மாதிரி வேடிக்கைகளுக்குப் பின்னால் யாராவது நிஜமாகவே நம்பும் கொள்கை ஒன்று இருக்கும். துன்பம் பிரக்ஞையைக் கூர்மையாக்குகிறது, சுகம் அதை மழுக்குகிறது என்பது நாம் விவாதிக்காமலே ஏற்றுக்கொண்டுவிட்ட விஷயங்களில் ஒன்று. எத்தனை கவிதைகள் இந்த முதலை வைத்துக் காலம் தள்ளுகின்றன என்று பார்த்தால் அதை ஏன் யாரும் கிளறுவதில்லை என்பது புரியும்.

இருபத்திரண்டு வயதிலிருந்து எனக்கு ஒற்றைத் தலைவலி இருக்கிறது. மாதத்துக்கு நாலு, சில மாதங்களில் ஏழு எட்டு. இதைத் தகுதிச் சான்றிதழாக நீட்டவில்லை. நண்பருடைய கொள்கையை ஏதாவது ஒரு உடம்பில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் என் கைவசம் இருப்பது இந்த உடம்புதான்.

கொள்கைக்குப் பெரிய சாட்சி நீட்ஷே. 1888ல் எழுதி, அவர் இறந்தபின் 1908ல் அச்சான சுயசரிதையில், மூன்று நாள் விடாத தலைவலிக்கும் வாந்திக்கும் நடுவே தன் தர்க்கம் பளிங்குபோல் தெளிந்திருந்ததாகச் சொல்லிக்கொள்கிறார். இருக்கலாம். ஆனால் இதே மனிதர் உடல்நிலை காரணமாக 1879ல் பாஸல் பல்கலைக்கழக வேலையை விட்டவர். அதன்பின் பத்து வருஷம் கோடையில் ஆல்ப்ஸ் மலைக் கிராமம், குளிரில் ஜெனோவா, நீஸ் என்று தலைக்கு ஒத்துக்கொள்ளும் காற்றைத் தேடி அலைந்தவர். வலி கொடுத்த தெளிவின்மேல் அவ்வளவு பற்று இருந்தால் அதைவிட்டு ஓட இத்தனை ரயில் ஏறியிருக்க வேண்டாம். அவருடைய வாக்கியத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் அவருடைய ரயில் டிக்கெட்டுகளைக் காட்டுவதில்லை.

எனக்கு வருவது இப்படி. கவுண்ட்டரில் உட்கார்ந்து ஒரு செலானைப் பார்க்கிறேன். 40,500 என்ற தொகையில் நடு இலக்கங்கள் இல்லை. மறைந்திருக்கவில்லை, அந்த இடமே இல்லை. கொஞ்ச நேரத்தில் இல்லாத இடத்தின் விளிம்பில் ரம்பப் பல் போல ஒரு கோடு மினுங்கி, பிறையாக விரிந்து, அரை மணிக்குள் பார்வையின் ஓரம் வரை போய் உதிர்ந்துவிடுகிறது. ஹூபர்ட் ஏரி என்ற ஆங்கில மருத்துவர் தன் கண்ணில் வந்த இதே கோலத்தை 1870ல் வரைந்து வைத்தார். கோட்டை மதில் மாதிரி இருக்கும். கார்ல் லாஷ்லி என்ற மனோதத்துவ விஞ்ஞானி தனக்கு வந்ததை நிமிஷவாரியாகக் குறித்துக்கொண்டு, மூளையின் மேற்புறத்தில் ஏதோ ஒன்று நிமிஷத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941ல் கணக்குச் சொன்னார். மூன்று வருஷம் கழித்து லெயாவோ என்ற பிரேஸில்காரர் முயலின் மூளையில் கிட்டத்தட்ட அதே வேகத்தில் பரவும் ஓர் அலையைக் கண்டுபிடித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிங்கனைச் சேர்ந்த ஹில்டகார்ட் என்ற மடத்துத் தலைவி கண்ட தெய்வீக ஒளிகளும் இந்த வகைதான் என்று ஆலிவர் ஸாக்ஸ் 1970ல் வெளியிட்ட தன் நூலில் வாதிடுகிறார். ஒரே ஒளியில் ஒருவர் தேவனைக் கண்டார், ஒருவர் மில்லிமீட்டர் எண்ணினார். இரண்டும் மரியாதைக்குரிய காரியங்கள். ஆனால் கவனிக்க வேண்டும், இவை வலிக்கு முந்தைய கட்டம்.

வலி வந்தபின் காண்பதற்கு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை குமட்டுகிறது. குழாயில் தண்ணீர் சொட்டுவது ஆணி அடிக்கிறது. இருட்டறையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்த மணிகளை எல்லாம் கூட்டினால் முழுதாக ஒரு வருஷம் தேறும். அந்த ஒரு வருஷத்தில் எனக்கு ஒரு யோசனைகூட வந்ததில்லை. எப்போது முடியும் என்பதை யோசனை என்று சொல்ல முடியாது. பிறகு, வாந்திக்கோ தூக்கத்துக்கோ பின், வலி விட்டதும் ஒரு ஸ்திதி வருகிறது. மழை ஓய்ந்த முற்றம் மாதிரி எல்லாம் துலக்கமாக, தனித்தனியாக, வேண்டப்பட்டதாகத் தெரிகிறது. ஒரு டம்ளர் மோர்கூட. என் நண்பர் போற்றுகிற கூர்மை இதுதான் என்று நினைக்கிறேன். அது நிவாரணத்தின் கூர்மை. வலியின் கணக்கில் தப்பாக வரவு வைக்கப்பட்டுவிட்டது.

வர்ஜீனியா வூல்ஃப் 1926ல், எலியட் நடத்திய பத்திரிகையில், நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காதலைச் சொல்ல ஷேக்ஸ்பியர் இருக்கிறார், தலைவலியை டாக்டரிடம் சொல்லப் போனால் பாஷை வற்றிப்போகிறது என்பது அவர் குறை. பி.ஏ. படிக்கையில் இந்தக் குறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இப்போது ஒப்புக்கொள்ள முடியவில்லை. தமிழில் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. மண்டையிடி, குத்தல், குடைச்சல், தெறிப்பு, விண்விண் என்பது எல்லாம் ஒன்றுக்கொன்று வேறு. பேசுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஆயுர்வேதக்காரர்கள் தலையைப் பாதியாகப் பிளப்பதை அர்த்தாவபேதகம் என்றும், சூரியனோடு ஏறிச் சூரியனோடு இறங்குவதைச் சூரியாவர்த்தம் என்றும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். சொல்லிவிட முடியும். சொன்னபின் கேட்கிறவர் நம்ப வேண்டும், அங்கேதான் வற்றிப்போகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் லீவு விண்ணப்பத்தில் தலைவலி என்று எழுதினேன். மேலதிகாரி சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. தலைவலிக்கு லீவு கொடுத்தால் கிளையில் யார் இருப்பார்கள் என்று நியாயமாகவே கேட்டார். அதிலிருந்து காய்ச்சல் என்று எழுதுகிறேன். காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் இருக்கிறது, ஆகவே அதை யாரும் சரிபார்ப்பதில்லை. நடந்த ஒன்றை நம்பவைக்க நடக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் இது உறுத்தவில்லை. உறுத்தத் தொடங்கியது, வலியில்லாத நாட்களில் அந்தப் பழைய விண்ணப்பங்களை நினைக்கும்போது. காய்ச்சல் பொய் என்று தெரியும். அப்படியானால் மற்றது? அவ்வளவு வலித்ததா? போய் உட்கார்ந்திருக்க முடியாதா? அந்த மேலதிகாரியின் சிரிப்பு எனக்குள்ளேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

மருத்துவம் இந்த விஷயத்தில் நம்மைவிட நாணயமாக இருக்கிறது. 1988ல் வகுத்து, பிறகு திருத்தி வரும் சர்வதேச வரையறையைப் படித்துப் பார்த்தேன். நாலு மணி முதல் 72 மணி நேரம் நீடிக்க வேண்டும். ஒரு பக்கம், துடிப்பு, கடுமை, நடந்தால் அதிகமாவது என்ற நாலில் இரண்டு இருக்க வேண்டும். குமட்டலாவது, வெளிச்சமும் சத்தமும் இரண்டுமே தாங்காமையாவது இருக்க வேண்டும். இப்படி ஐந்து முறையாவது வந்திருக்க வேண்டும். ரத்தத்திலோ படத்திலோ காட்ட எதுவுமில்லை. ஸ்கேன் எடுப்பதெல்லாம் வேறு நோய் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான். தாக்குதலின்போது கழுத்து ரத்தக்குழாயில் ஒரு குறிப்பிட்ட புரதத்துணுக்கு கூடுவதை 1990ல் கண்டார்கள், அதை மறிக்கும் ஊசிமருந்துகள் 2018 முதல் வந்திருக்கின்றன. ஆனாலும் என் ஊர் டாக்டர் முன்னால் இன்றைக்கும் இருப்பது நான் சொல்லும் கதை ஒன்றுதான். கதையின் உள் இசைவை வைத்து அவர் தீர்மானிக்கிறார். விமர்சகன் செய்கிற வேலை. ஆனால் அவர் ஆசிரியனை நம்புவதிலிருந்து ஆரம்பிக்கிறார், நாம் பெரும்பாலும் அப்படி ஆரம்பிப்பதில்லை.

நிவாரணத்துக்கு வருகிறேன். இருபத்தெட்டு வயதில் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைத்த ஒரு மாத்திரையைப் பிடித்துக்கொண்டேன். எர்காட்டமினும் காஃபீனும் கலந்தது. எர்காட்டமின் பிறந்த கதை விசித்திரமானது. ரை என்ற தானியத்தின் கதிரில் வளரும் ஒரு பூஞ்சையில் இருப்பது அது. மத்தியகால ஐரோப்பாவில் அந்த தானியத்தில் ரொட்டி சுட்டுத் தின்றவர்களுக்குக் கைகால் எரிந்து, கறுத்து, விழுந்தன. புனித அந்தோணியாரின் நெருப்பு என்றார்கள். ரத்தக்குழாயை நெரிக்கும் அந்த விஷத்திலிருந்துதான் 1918ல் சுவிட்சர்லாந்தில் ஸ்டோல் என்பவர் இந்த மருந்தைப் பிரித்தெடுத்தார். எனக்கு முதல் மாதம் அது கடவுள். ஆறாவது மாதம் தினமும் தலைவலி, தினமும் மாத்திரை. எது எதற்குக் காரணம் என்று தெரியாமல் போயிற்று. மாத்திரையை நிறுத்தச் சொன்ன டாக்டரை அன்று வெறுத்தேன். நிறுத்திய பத்து நாளைப் பற்றி எழுத விருப்பமில்லை. அடிக்கடி உட்கொள்ளும் நிவாரணம் தானே வலியாகிவிடும். இது உருவகம் இல்லை, வைத்திய உண்மை. இந்த வகை மாத்திரைக்கும், 1991க்குப் பின் வந்த டிரிப்டான் மாத்திரைக்கும் மாதம் பத்து நாள்தான் எல்லை. சாதாரண வலி மாத்திரைக்குப் பதினைந்து.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. இப்போது நான் போடும் டிரிப்டான் வலி லேசாக இருக்கும்போதே போட்டால்தான் நன்றாகக் கேட்கும். முற்றியபின் போட்டால் பாதிப் பயன். மாதத்துக்கோ பத்துதான். ஒளிக்கோலம் எனக்கு எல்லாத் தடவையும் வருவதில்லை. ஆகவே நெற்றிப்பொட்டில் லேசாக ஒன்று தட்டும்போதெல்லாம், இது அதுதானா, வெயிலா, பசியா, நேற்றைய கண்விழிப்பா என்று தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். அத்தாட்சி வரும்வரை காத்திருந்தால் மருந்து வீண். அத்தாட்சி இல்லாமல் நம்பினால் மாதக் கடைசியில் கையிருப்பு இல்லை. தன் வலியைப் பற்றி ஒருவனுக்குச் சந்தேகம் வர இடமில்லை, ஆகவே எனக்கு வலிக்கிறது என்பது எனக்குத் தெரியும் என்று சொல்வதே அர்த்தமற்றது என்கிறார் விட்கன்ஸ்டைன், 1953ல் வெளிவந்த நூலில். தர்க்கரீதியாக அவர் சொல்வது சரி. நான் சந்தேகிப்பது இருக்கிற வலியை இல்லை, வரப்போகிறதை. ஆனால் கையில் மாத்திரையுடன் நிற்கிறவனுக்கு அந்த வித்தியாசம் பெரிய ஆறுதலாக இல்லை. உள்ளே நாற்காலி போட்டவர் அப்போதுதான் வாய் திறக்கிறார்: இதுக்கெல்லாமா?

பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு 2014ல் வெளியாயிற்று. அறுபத்தாறு பேருக்கு அடுத்தடுத்த தாக்குதல்களில் நிஜ மருந்தையும் வெற்று மாத்திரையையும் உறையில் மாற்றி மாற்றிப் பெயரெழுதிக் கொடுத்தார்கள். வெற்று என்று எழுதிய உறையிலிருந்த நிஜ மருந்தும், மருந்து என்று எழுதிய உறையிலிருந்த வெற்று மாத்திரையும் ஏறத்தாழ ஒரே அளவு வலியைக் குறைத்தன. இதைக் கேட்டதும் கவிஞர் நண்பர், பார்த்தீரா, எல்லாம் மனசு என்றார். நான் அப்படிப் படிக்கவில்லை. வெற்று மாத்திரையில் குறைந்ததும் நிஜமான வலிதான். நம்பப்படுவது என்பது மருந்தில் ஒரு பங்கு. வெறும் உறையின் மேல் எழுதியிருந்தால்கூட.

இதையெல்லாம் யோசிக்கும்போது என் அம்மா நடுவில் வந்துவிடுகிறாள். இந்த நோய் குடும்பவழியில் இறங்குவது. ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று மடங்கு. மாதத்தில் இரண்டு மூன்று நாள் நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டு, வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அப்பத்தா முற்றத்திலிருந்து, எங்களுக்கெல்லாம் தலையே இல்லை பாரு என்பாள். வீடு சிரிக்கும். நானும் சிரித்தேன். பத்து வயதில் சிரித்ததை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். பதினெட்டு வயதில், கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்த அன்று அவள் எழுந்து சமைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டதை நான் குற்றம் என்றுதான் சொல்வேன்.

துன்பம் இரக்கத்தைக் கற்றுத்தருகிறது என்பார்கள். என் தலைவலி வந்து இத்தனை வருஷத்தில் அது கற்றுத்தந்ததா? வலிக்கும்போது அம்மாவை நினைத்ததே இல்லை, அப்போது யாரையும் நினைப்பதில்லை. வலி விட்டபின் என் வலியையே நம்ப முடியாமல் போகிறது, அவளுடையதை எங்கே நம்புவது? அறிந்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய எதுவும் ஒரு தாக்குதலிலிருந்து அடுத்ததற்கு மிஞ்சுவதில்லை. காலண்டரில் பென்சிலால் போடும் குறிகள் மிஞ்சுகின்றன. அவற்றை எண்ணித்தான் நான் என்னை நம்புகிறேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவளிடம் கேட்டேன். அவளுக்கு ஐம்பது தாண்டியபின் வலி தானாகவே நின்றுவிட்டது. பலருக்கு அப்படி நிற்கும். அந்த நாளில் எப்படித் தாங்கினீர்கள் என்றேன்.

"எந்த நாள்ல?" என்றாள்.

துணி கட்டிக்கொண்டு படுப்பதை, சுக்கு உரைக்கும் கல்லை, உள்ளறையை எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்படியா கெடந்தேன்? ஞாபகமில்லையேப்பா" என்றாள். பிறகு, நான் மாத்திரை போட்டுக்கொண்டேனா, சாப்பிட்டுவிட்டுத்தான் போட்டேனா என்று கேட்டுவிட்டு, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அன்று எனக்குத் தலைவலி இல்லை.