இரட்டை நூல்

இராஜபாளையத்து நூற்பாலைகளில் நூலை இரட்டித்து முறுக்குவதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. அங்கே பல்லாண்டு உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், ஒரு மாலை வேளையில் தம் விரல்களுக்கிடையே நூலொன்றைப் பிரித்துக் காட்டினார். "சாமி, தனி நூல் ஒரு பக்கமாக முறுக்கேறியிருக்கும். இரண்டைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்குவோம். அப்போது ஒவ்வொன்றும் தன் முறுக்கில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஒன்று மெலிந்திருக்கும் இடத்தை மற்றது தாங்கிக்கொள்ளும்" என்றார். தன் முறுக்கை இழந்த நூல் எப்படி முன்னிலும் வலிமை பெறுகிறது? பிறருக்காகத் தன்னைக் குறைத்துக்கொள்வது இழப்பா, நிறைவா? அன்றிலிருந்து இக்கேள்வி என்னை விடவில்லை.

டென்னிஸ் விளையாட்டில் இரட்டையர் ஆட்டத்தைப் பார்க்கும்போதும் இதே எண்ணம் எழுகிறது. ஒருவர் பின்னிருந்து சர்வீஸ் போடுவார். எதிராளி தடுமாறித் திருப்பும் பந்தை, வலையருகே நிற்கும் தோழர் அடித்து முடிப்பார். கைதட்டல் முடித்தவருக்கு, வழிவகுத்தவரைக் கவனிப்போர் சிலரே. நடுவே வரும் பந்து யாருடையது என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் இருவரும் முடிவு செய்தாக வேண்டும். இருவரும் பாய்ந்தாலும் கெடும். இருவரும் விலகினாலும் கெடும்.

சென்னையைச் சேர்ந்த ஆனந்த் அமிர்தராஜ், விஜய் அமிர்தராஜ் சகோதரர்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1974-ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பைப் போட்டியில், கல்கத்தாவில் ஆஸ்திரேலிய இணையை இவர்கள் எதிர்கொண்டார்கள். சமநிலையை உடைக்கும் டை-பிரேக் முறை அப்போட்டிகளில் அந்நாளில் இல்லை. இரண்டு கேம் முந்தும்வரை செட் நீண்டுகொண்டே போகும். 17-15, 6-8, 6-3, 16-18, 6-4 என்று 99 கேம்கள் ஆடி அண்ணனும் தம்பியும் வென்றார்கள். அந்த ஆண்டு இந்தியா இறுதிப் போட்டி வரை முன்னேறியது. அந்த இறுதிப் போட்டியைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

1976-இல் இருவரும் விம்பிள்டன் இரட்டையர் அரையிறுதியை எட்டினார்கள். ஆயினும் உலகம் அதிகம் அறிந்த பெயர் தம்பியுடையதே. 1973-லும் 1981-லும் விம்பிள்டன் ஒற்றையர் காலிறுதிவரை சென்றவர் விஜய். 1983-இல் வந்த ஜேம்ஸ்பாண்டு திரைப்படத்தில் நடித்ததும், 2024-இல் பன்னாட்டு டென்னிஸ் புகழ் மன்றத்தில் இடம்பெற்றதும் அவரே. அண்ணன் ஆனந்த் பலருக்கு 'விஜயின் அண்ணன்' மட்டுமே. இது குறைவா?

நற்செய்தியில் அந்திரேயாவை நினைத்துப் பார்க்கிறேன். ஆண்டவரை முதலில் பின்தொடர்ந்து சென்ற இருவருள் அவர் ஒருவர். தம் சகோதரர் சீமோனைத் தேடிப் போய் அழைத்து வந்தவரும் அவரே. ஆயினும் யோவான் நற்செய்தி அவரைப் பேதுருவின் சகோதரர் என்றே அறிமுகப்படுத்துகிறது. அதற்காக அந்திரேயா வருந்தியதாக எங்கும் நாம் காண்பதில்லை.

ஆட்டக்காரராக இருந்து வழிகாட்டியாக மாறுவது இன்னும் ஒரு படி பின்னே செல்வது. 2014 முதல் 2017 தொடக்கம் வரை இந்திய டேவிஸ் கோப்பை அணிக்கு ஆனந்த் அமிர்தராஜ் தலைவராக இருந்தார். ஆடாத தலைவர் என்று அதற்குப் பெயர். களத்தோரம் நாற்காலியில் அமர்ந்து, ஆட்டக்காரர் இளைப்பாற வரும்போது ஓரிரு சொற்கள் சொல்லலாம்; மட்டையைத் தொட இயலாது. மற்றப் பெரும் போட்டிகளில் அந்த ஓரிரு சொற்களுக்கும் நெடுங்காலம் இடமில்லை. பயிற்சியாளர் பார்வையாளர்களோடு அமர்ந்து வாய்மூடி இருக்க வேண்டும் என்பதே விதி. அண்மை ஆண்டுகளில்தான் அது தளர்ந்தது.

பக்கத்தில் திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தைக் கண்டவர்களுக்கு இவ்வேலை புரியும். வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கானோர். சக்கரத்தருகே குனிந்து கட்டை போடுவோர் சிலரே. நம் பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை போடுவது என்பது வசைச்சொல்லாகிவிட்டது. ஆனால் அந்தக் கட்டை இல்லையேல் தேர் வீதியில் திரும்பாது. வீட்டுச் சுவரில் மோதும். கோபுரம்போல் நிமிர்ந்த தேரை அண்ணாந்து பார்க்கும் கண்கள் அக்கைகளைக் காண்பதில்லை. நல்ல ஆசிரியரும் நல்ல பயிற்சியாளரும் செய்வது அதுவே.

இதுவரை எழுதியதை நான் மறையுரைகளிலும் பலமுறை சொல்லியிருக்கிறேன். தம்பியின் கல்லூரிப் படிப்புக்காகத் தம் படிப்பை விட்டு ஆலைக்குச் சென்ற அக்காள்மாரைப் புகழ்ந்திருக்கிறேன். ஒருநாள் திருப்பலி முடிந்தபின் அத்தகைய ஒருத்தி என்னிடம் வந்து நின்றாள். "நல்லாத்தான் சொன்னீங்க சாமி. ஆனா என்னை யாரும் கேக்கலையே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பங்குத்தந்தையாகிய நானும் அவளைக் கேட்டதில்லை.

அப்போதுதான் அந்தப் பெரியவர் சொன்ன மற்றொரு செய்தி விளங்கிற்று. "இரண்டு நூலுக்கும் இழுவை ஒன்றுபோல இருக்க வேண்டும் சாமி. ஒன்று விறைத்து மற்றது தளர்ந்தால், விறைத்தது நேராக நிற்கும். தளர்ந்தது அதைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும். அது கழிவு நூல்." இணைவதும் சுற்றிக் கிடப்பதும் தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு ஒன்றுபோலத் தோன்றும். மனமுவந்து தருவது தியாகம். கேளாமல் பறித்துவிட்டு, தியாகம் என்று பெயர் சூட்டுவது அநீதி.

1974-இன் இறுதிப் போட்டிக்கு வருகிறேன். எதிரணி தென்னாப்பிரிக்கா. அந்நாட்டின் நிறவெறிக் கொள்கையை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. அம்மறுப்பு நேர்மையானது என்பதே என் உறுதியான எண்ணம். மானுட மாண்பைவிடக் கோப்பை பெரிதன்று. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள். மறுத்த பெருமை நாட்டைச் சேர்ந்தது. நழுவிய வாய்ப்பு அவர்களுடையது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1987-இல், சகோதரர்கள் இருவரும் மீண்டும் இந்திய அணியோடு இறுதிப் போட்டிக்குச் சென்றார்கள். சுவீடனிடம் 0-5 என்று இந்தியா தோற்றது. அக்கோப்பை இன்றுவரை நம் கைக்கு வரவில்லை. நீதியான செயலுக்கும் யாரோ ஒருவர் விலை தருகிறார். அவரிடம் நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டாமா?

இரட்டையர் ஆட்டத்தின் விதியே நமக்கு வழி சொல்கிறது. அங்கே சர்வீஸ் ஒருவருக்கே உரியதன்று. முறை வைத்து மாறும். வலையருகே நின்றவர் பின்னே வருவார். பின்னே இருந்தவர் முன்னே செல்வார். எந்நாளும் ஒருவரே விட்டுக்கொடுக்கும் இணை, இணையன்று. நம் குடும்பங்களில் அந்த முறைமாற்றம் நடக்கிறதா? படித்து முடித்த தம்பி, அக்காளின் முறை வந்துவிட்டதென்று உணர்கிறானா?

அப்பெண்ணின் தம்பி இப்போது வேலையில் இருக்கிறான். சென்ற ஞாயிறன்று அவனை அழைத்துப் பேசினேன். அக்காளுக்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டான். என்னைக் கேட்காதே, வீட்டுக்குப் போய் அவளைக் கேள் என்று சொல்லி அனுப்பினேன்.