காணாததும் இல்லாததும்

சீடன்: ஐயா, அறை முன்பதிவு அட்டவணைக்கு ஒரு டிரிக்கர் எழுதியிருக்கிறேன். ஒரே அறைக்கு, ஒரே நேரத்துக்கு இரண்டாவது பதிவு வந்தால் தடுத்துவிடும். இனி எந்தச் செயலி வழியாக யார் வந்தாலும் இரட்டைப் பதிவு நடக்காது.

குரு: எந்தத் தரவுத்தளம்?

சீடன்: போஸ்ட்கிரெஸ். பதிவு அட்டவணைக்குள் போகும் முன்பே ஓடும் பிஃபோர் டிரிக்கர். அந்த நேரத்தைத் தொடும் வேறு பதிவு இருக்கிறதா என்று செலக்ட் போட்டுப் பார்க்கும். இருந்தால் பிழை எழுப்பும்.

குரு: இருவர் ஒரே கணத்தில் கேட்கிறார்கள். முதலாமவரின் பரிவர்த்தனை இன்னும் கமிட் ஆகவில்லை. இரண்டாமவருக்காக ஓடும் டிரிக்கர் என்ன காணும்?

சீடன்: கமிட் ஆகாத பதிவு அடுத்தவருக்குத் தெரியாது. அறை காலி என்றே காணும்.

குரு: முதலாமவருக்கு ஓடிய டிரிக்கரும் அப்படித்தான் கண்டது. பிறகு இருவரும் கமிட் செய்கிறார்கள்.

சீடன்: அறை ஒன்று, பதிவு இரண்டு! அப்படியானால் டிரிக்கர் பொய் சொன்னதா?

குரு: பொய் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னது. பிழை, காணாமையைக் கொண்டு இன்மையைத் துணிந்ததில் இருக்கிறது. நம் அளவை நூலார் இதை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். வெளிச்சமான தரையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை எனலாம். இருட்டறையில் தெரியவில்லை என்பதால் அப்படிச் சொல்ல முடியுமா? இருந்திருந்தால் கண்டிருப்பேன் என்ற உறுதி உள்ள இடத்தில் மட்டுமே காணாமை சான்றாகும். உன் டிரிக்கருக்கு அந்த உறுதி இல்லை. அது ஒரு பரிவர்த்தனைக்குள் பிறந்து, அந்தப் பரிவர்த்தனையின் கண்ணால் மட்டுமே பார்க்கிறது.

சீடன்: அந்த உறுதியைக் கொடுக்க வழி உண்டா?

குரு: உண்டு. செலக்ட் போடும் முன், அறைகளின் அட்டவணையில் அந்த அறைக்குரிய வரியை டிரிக்கர் பூட்டிக்கொள்ளலாம். இரண்டாமவர் காத்திருந்து, பூட்டு விலகிய பின் பார்ப்பார். ஆனால் இந்த வேலைக்கென்றே போஸ்ட்கிரெஸில் 9.0 பதிப்பிலிருந்து எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெய்ன்ட் இருக்கிறது. அறை ஒன்றாகவும் நேர வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதாகவும் உள்ள இரண்டு பதிவுகளை அது சேர்த்து வைக்காது. இன்னொருவரின் முடியாத பதிவு குறுக்கே நின்றால், அது முடியும்வரை காத்திருந்து பிறகுதான் தீர்ப்புச் சொல்லும். கன்ஸ்ட்ரெய்ன்ட் செய்யக்கூடிய வேலையை டிரிக்கருக்குக் கொடுக்காதே.

சீடன்: அப்படியானால் டிரிக்கர் எதற்கு, ஐயா?

குரு: மாற்றத்தை அறிவதற்கு. செக் கன்ஸ்ட்ரெய்ன்ட் புதிய பதிவை மட்டுமே பார்க்கும். பழையதையும் புதியதையும் ஒருங்கே காண்பது டிரிக்கர். ரத்தான முன்பதிவு மறுபடி உறுதியானதாக மாறக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள். 'உறுதி' என்ற மதிப்பில் தவறில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் தவறு. இதைப் பிடிக்க டிரிக்கர்தான் வேண்டும். கட்டணம் எவ்வளவிலிருந்து எவ்வளவாயிற்று, எந்தப் பயனர் பெயரில், எப்போது என்று தணிக்கை அட்டவணையில் எழுதி வைக்கவும் அதுவே தக்கது.

சீடன்: நல்லது. தடுக்கப்பட்ட முயற்சிகளையும் அதே தணிக்கை அட்டவணையில் எழுதச் சொல்கிறேன். முதலில் குறிப்பு, அடுத்துப் பிழை.

குரு: பிழை எழுந்ததும் என்ன நடக்கும்?

சீடன்: ரோல்பேக்... ஐயோ, அந்தக் குறிப்பும் கூடவே அழிந்துவிடும்!

குரு: ஆம். தடுத்த கையால் அதே பரிவர்த்தனைக்குள் சாட்சி எழுத முடியாது. ஆரக்கிளில் இதற்காகத் தனிப் பரிவர்த்தனை திறக்கலாம். போஸ்ட்கிரெஸில் அந்த வசதி இல்லை. சர்வரின் லாக் கோப்பில் எழுதினால் அது நிற்கும்.

சீடன்: உறுதியானதும் மின்னஞ்சல் அனுப்புவதை டிரிக்கருக்குள் வைக்கலாமா?

குரு: அங்கே இடர் தலைகீழாக வரும். மின்னஞ்சல் போய்விடும், பிறகு பரிவர்த்தனை ரோல்பேக் ஆனால் பதிவு இருக்காது, கடிதம் மட்டும் முன்பதிவு செய்தவர் கையில் இருக்கும். அனுப்ப வேண்டியதை ஓர் அட்டவணையில் எழுதுவதோடு டிரிக்கர் நிற்கட்டும். கமிட் ஆனதைப் படித்து அனுப்புவது வெளியே ஓடும் வேறொரு நிரலின் வேலை.

சீடன்: டிரிக்கர் ஓடாமலே தரவு மாறிப்போக வழி உண்டா?

குரு: பல உண்டு. ட்ரங்கேட் கட்டளை அட்டவணையையே காலி செய்யும். பதிவுதோறும் ஓடும் டிலீட் டிரிக்கர்கள் எழ மாட்டா. அட்டவணையின் உரிமையாளர் டிரிக்கரை முடக்கி வைக்கலாம். மைஎஸ்க்யூஎல்லில் அயல் சாவி வழியே தொடர்ந்து நடக்கும் அழிப்புகள் டிரிக்கரை எழுப்பாமல் நெடுங்காலம் இருந்தன. ஒருவர் தரவை வெறுமனே படித்தால் அதை அறியப் போஸ்ட்கிரெஸில் டிரிக்கர் கிடையாது. ஆகவே, 'தணிக்கை அட்டவணையில் இல்லை, எனவே நடக்கவில்லை' என்று ஒருபோதும் யாரிடமும் சொல்லாதே.

சீடன்: மறுபடியும் அதே இருட்டறை.

குரு: அதேதான்.

சீடன்: நிலை மாற்றத்துக்கான டிரிக்கரை மட்டும் புதிதாக எழுதுகிறேன். இரட்டைப் பதிவுக்கு எழுதியதை நீக்கிவிட்டு இன்றே கன்ஸ்ட்ரெய்ன்ட் சேர்க்கிறேன்.

குரு: பழையதை இப்போதே நீக்காதே. முதலில் இருக்கும் பதிவுகளில் ஒன்றோடொன்று மோதுபவை உண்டா என்று தேடு. ஒன்று இருந்தாலும் கன்ஸ்ட்ரெய்ன்ட் ஏறாது. கிடைத்தால், இருவரில் ஒருவருக்கு உடனே தகவல் சொல்லி வேறு அறை கொடு. பெட்டியோடு வந்து நின்ற பிறகு அவர் அதை அறியக் கூடாது. கன்ஸ்ட்ரெய்ன்ட் ஏறிய பின் டிரிக்கரை நீக்கு.