நன்றியும் கடனும்

நம்மவர்க்கு நன்றி சொல்லத் தெரியாது என்பது படித்தவர் பலரிடம் நாம் அடிக்கடி கேட்கும் குறை. மேலைநாட்டார் ஒரு குவளைத் தண்ணீர் பெற்றாலும் நன்றி கூறுகின்றனர். நம் கிராமத்தவரோ எத்துணைப் பெரிய உதவியையும் வாய்திறவாது பெற்றுக்கொண்டு போய்விடுகின்றனர் என்கின்றனர். இக்குறையை நாம் அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. நன்றி என்பது நாவின் பழக்கமா, நெஞ்சின் நிலையா, அல்லது ஒருவர் தோளில் மற்றவர் ஏற்றிவைக்கும் கடனா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

மன்னார்த் தீவையும் அதன் எதிர்க்கரையையும் எடுத்துக்கொள்வோம். பேசாலையிலோ வங்காலையிலோ தோணி கரைசேர்ந்ததும் அயல்வீட்டுக்குக் கறிக்கு மீன் போகிறது. பெற்றவர் 'நன்றி' என்பதில்லை. சொன்னால், 'இதென்ன புதுப் பழக்கம்?' என்று கொடுத்தவரே முகம் சுளிப்பார். ஆனால், மீன் வந்த ஏனம் வெறுமையாகத் திரும்புவதுமில்லை. நான்கு முருங்கைக்காயோ ஒரு துண்டுப் பனாட்டோ அதில் ஏறிவிடும். இங்கே நன்றி சொல்லாக வெளிப்படவில்லை, உறவாக நடமாடுகிறது.

சொல் வேண்டிய இடத்தில் சொல்லும் உண்டு. முஸ்லிம்கள் 'ஜஸாக்கல்லாஹு கைரன்' என்பர். இறைவன் உமக்கு நற்கூலி தருவானாக என்பது அதன் பொருள். சைவர் 'புண்ணியம் கிடைக்கும்' என்பர். சிங்கள மக்களிடமும் 'பின் சித்த வெனவா', அதாவது புண்ணியம் சேர்கிறது என்னும் வழக்கு உண்டு. சமயங்கள் வேறாயினும் கருத்து ஒன்றே: உமக்கு ஈடுசெய்ய என்னால் இயலாது, அக்கணக்கை வேறோரிடத்தில் தீர்த்துக்கொள்வீராக. உதவி பெற்றவனை உதவியவனுக்கு அடிமையாக்காத ஒரு நுட்பம் இவ்வழக்குகளில் உண்டு.

இனி, கீழைக் கடலுக்கு அப்பால் சற்றே நோக்குவோம். நமக்கு அது அந்நியமான திசையன்று. மாதோட்டத் துறையின் அகழ்வாய்வில் சீன மட்கலங்கள் கிடைத்துள்ளன. தாய்லாந்தின் தகுவாபாவில் மணிக்கிராமத்து வணிகரைக் குறிக்கும் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. அந்நாட்டு மொழியில் நன்றி கூறும் சொல் 'கோப் குன்' என்பது. அதிலுள்ள 'குன்' நம் 'குணம்' என்னும் சொல்லோடு ஒரே வேரினது. வடமொழியும் பாளியும் வழியாகச் சென்றது. ஆண் பேசினால் 'க்ராப்' என்றும், பெண் பேசினால் 'கா' என்றும் பணிவுச்சொல் சேரும். பெருமதிப்புக்குரியவரிடம் 'கோப் ப்ரா குன்' எனச் சொல் இன்னும் உயர்கிறது. வயதிலோ நிலையிலோ தாழ்ந்தவரிடம் 'கோப் சாய்' என இறங்குகிறது. 'சாய்' என்பது நெஞ்சம். அண்டை நாடான லாவோசிலோ இதே 'கோப் சாய்' தான் யாவர்க்கும் உரிய பொதுச்சொல். ஓரிடத்தில் கீழ்நோக்கிச் சொல்லப்படும் சொல், ஆற்றைக் கடந்ததும் எல்லோர்க்கும் பொதுவாகிவிடுகிறது! ஆகவே, உயர்வு தாழ்வு சொல்லில் பிறப்பதன்று. மனிதர் தம் உறவுகளை வகுத்துக்கொண்ட முறையிலேயே பிறக்கிறது.

தாய்லாந்தில் 'புன்குன்' என்றொரு கருத்தும் உண்டு; புண்ணியமும் குணமும் சேர்ந்த சொல் அது. பெற்றோர், ஆசிரியர், ஆதரித்தவர் ஆகியோர்க்குப் பட்ட தீராக் கடனை அது குறிக்கும். இதைக் கண்டு நாம் வியப்பதற்கில்லை. நம்மிடம் செஞ்சோற்றுக் கடன் இருக்கிறதே! துரியோதனன் பக்கத்தில் நீதியில்லை என்று தெரிந்தும் கர்ணன் அவனுக்காக மடிந்தான். அதை நாம் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்திருக்கிறோம். சோறிட்டவன் அநீதி செய்யினும் அவன் பக்கமே நில் என்பது யாருக்கு வசதியான அறம்? சோற்றைக் கையில் வைத்திருப்பவனுக்கன்றோ!

இவ்வறம் பழங்கதையோடு முடிந்துவிடவில்லை. கரையில் வலைக்கும் இயந்திரத்துக்கும் முன்பணம் கொடுத்தவருக்கே மீனைக் கொடுக்க வேண்டும். அவர் சொல்வதே விலை. 'கஷ்டத்தில் கைகொடுத்தவரை விட்டுப் போகலாமா?' என்ற ஒரு கேள்வி போதும், கடற்றொழிலாளியின் வாய் அடைபட்டுவிடும். வட்டி கணக்கேட்டில் எழுதப்படுகிறது. நன்றி நெஞ்சில் எழுதப்படுகிறது. பின்னதற்குத் தவணையே இல்லை.

பாடசாலைகளிலும் இதைக் காண்கிறோம். பொதுப்பணத்தில் எழுந்த கட்டடத்தைத் திறக்க அரசியல்வாதி வருகிறார். பிள்ளைகள் மாலையுடன் வெயிலில் நிற்கின்றனர். நன்றியுரையில் அவர் வள்ளலாகிறார். கல் சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை. இந்நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. இலவசம் என்னும் சொல்லே நம்மை மயக்குகிறது. சவர்க்காரக் கட்டியொன்றை வாங்கும் ஏழைத்தாயும் அதற்கு வரி செலுத்துகிறாள். தன் பணத்தில் தன் பிள்ளை படிப்பதற்கு அவள் யாரைக் கைகூப்ப வேண்டும்?

இக்கேள்வியின் கூர்மையை மன்னார் மண் உணர்ந்த காலம் ஒன்றுண்டு. 1990 அக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் சில நாட்களுக்குள் வெளியேற்றினர். அவர்கள் தொகை 70,000க்கும் அதிகம். எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் வெறிச்சோடின. புத்தளத்து மக்கள் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். அந்த உதவி காலத்தினால் செய்தது, என்றும் மறக்கத்தகாதது. எனினும் ஆண்டுகள் உருண்டன. அகதியாக வந்தவர் வேலையும் நிலமும் கேட்டபோது உரசல்களும் எழுந்தன. விருந்தினர் என்றென்றும் நன்றியுடன் தலைகுனிந்து இருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு, எவ்வளவு பெரிய உதவியையும் சிறுமைப்படுத்திவிடும்.

போர் 2009இல் முடிந்தபின் பலர் திரும்பினர். காடு மூடிய காணிகளைக் கண்டனர். அப்போது, 'அவர்களை ஏற்றுக்கொண்டோமே' என்று தமிழரிடையே பெருந்தன்மையோடு பேசியவர்களும் உண்டு. நாம் கேட்கிறோம்: தன் வீட்டுக்குத் திரும்புகிறவன் யாருக்கு நன்றி கூற வேண்டும்? பறிக்கப்பட்டதைத் திருப்பித் தருவது உதவியாகுமா? அங்கே நன்றியை எதிர்பார்ப்பது முதல் அநீதியின் மேல் மற்றோர் அநீதியை அடுக்குவதாகும். வெளியேற்றப்பட்ட நாளில் மௌனமாயிருந்த அயலவர்க்கு இதை எண்ணிப் பார்க்கும் கடமை கூடுதலாகவே உண்டு.

அப்படியாயின் நன்றியே வேண்டாமா? வேண்டும். வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே நன்றி என்பது செய்யப்பட்ட நன்மை. நாம் கூறும் உபசாரச் சொல்லன்று. அந்நன்மையை அறிதலே நம் கடமை. அறிவதென்றால், அது யாரிடமிருந்து வந்தது என்று தேடிக் காண்பது.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்கிறோம். மன்னாரில் உப்பளம் இருக்கிறது. கொதிக்கும் வெயிலில், உவர்நீரில் கால் வெடிக்க, உப்பை வாரிக் குவிப்பவர் அங்கே உழைக்கின்றனர். நம் சோற்றில் உப்பிட்டவர் எசமானரா, இவர்களா? பழமொழியை நாம் கைவிட வேண்டியதில்லை. அதன் முகவரியைத் திருத்தினால் போதும். மாணவர்க்கு நன்றியுரை எழுதப் பழக்கும் நாம், இதையும் சேர்த்துக் கற்பிப்போம்: உழைத்துத் தந்தவரை மறவாதே, உரிமையாக உனக்கு வருவதை நிமிர்ந்து நின்று பெற்றுக்கொள், நீ பிறர்க்குச் செய்ததைக் கணக்கில் எழுதாதே.