வேலியின் தடிமன்

எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒன்றரை அடி மண் குறித்து ஒரு தகராறு. தகராறு என்ற சொல் சற்றுப் பெரியதுதான். குரல் உயரவில்லை, பஞ்சாயத்து கூடவில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை. ஆனால் சாயங்காலங்களில் வேலியோரம் நின்று பேசுவது இரண்டு மாத காலம் நின்றுபோயிற்று. இருவர் பேச்சை நிறுத்துமளவுக்கு ஒன்றரை அடி மண்ணில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. மண்ணாசை என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். அது பதிலல்ல, யோசிக்காமலிருப்பதற்கு ஒரு வழி.

இரு தோட்டங்களுக்கும் நடுவே இருப்பது கிளுவை வேலி. சுவர் வைத்தவன் சுவரை மறந்துவிடலாம். கிளுவை உயிருள்ளது. போத்து வெட்டி நட்டால் வேர்பிடித்துத் தளிர்க்கும். வருஷாவருஷம் கழித்துவிட வேண்டும். ஒரு பக்கத்துக்காரர் ஒட்டக் கழித்து, மற்றவர் சும்மா இருந்தால், சும்மா இருந்தவர் பக்கம் வேலி பெருக்கும். பட்டுப்போன போத்துக்குப் பதில் புதிது நடுகிறவர், இருக்கும் இடத்தைப் பார்த்து நாலு விரல் தள்ளி நடுவார். யாரும் நகர்த்தாமலே வேலி நகர்ந்துவிடுகிறது. எங்கள் வேலி என் பக்கம் நகர்ந்திருந்தது. பத்து வருஷமாகக் கழிக்காமல் விட்ட சோம்பேறி நான்தான். நகர்ந்த இடத்தில் அண்ணாச்சி வீட்டு முருங்கை ஒன்றும் செம்பருத்தி இரண்டும் நின்றன. செம்பருத்தி அவர் மனைவி வைத்தது. அந்த அம்மாள் இப்போது இல்லை.

சுற்றுச்சுவர் எழுப்ப நினைத்துப் பணம் கட்டி சர்வேயரை வரவழைத்தேன். புதருக்கடியில் புதைந்து கிடந்த கல்லைக் கண்டுபிடித்து, நாடா பிடித்து, 'ஒன்றரை அடி உங்களது சார்' என்றார். அண்ணாச்சிக்கும் நோட்டீஸ் போயிருந்தது. அவர் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. நோட்டீஸ்தான் போயிருக்கிறதே என்றிருந்துவிட்டேன்.

புலப்படத்தை அன்றிரவு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கு ஆயிரம் என்ற அளவில் வரைந்தது. அந்த அளவில் அரை மில்லிமீட்டர் தடித்த கோடு மண்ணில் அரை மீட்டர். அதாவது ஒன்றரை அடிக்கும் சற்று அதிகம். எங்கள் தகராறு முழுவதும் ஒரு பேனாக்கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடும். படத்தில் எண்களும் இருப்பதால் உண்மை என்ன என்பதில் சந்தேகமில்லை. சந்தேகம் வேறிடத்தில். ஜியோமிதியின் கோட்டுக்கு அகலம் கிடையாது. மனிதர்கள் வாழும் எல்லைக்கு அகலம் உண்டு. அந்த அகலத்தில் முருங்கை காய்க்கிறது.

தீர்வு எளிதென்று நினைத்தேன். மறுநாள் அண்ணாச்சியிடம் போய், 'இருக்கட்டும் அண்ணாச்சி, அந்த ஒன்றரை அடியை நான் விட்டுக்கொடுத்துடறேன்' என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். 'நான் எப்ப உங்ககிட்டக் கேட்டேன்?' என்று சொல்லி உள்ளே போய்விட்டார். பேச்சு நின்றது அன்றைக்குத்தான்.

நன்றியில்லாதவர் என்று முதலில் தோன்றியது. பிறகு மெல்லப் புரிந்தது. விட்டுக்கொடுக்க வேண்டுமானால் முதலில் அது என்னுடையதாக இருக்க வேண்டும். நாடா சொன்னதை நான் பெருந்தன்மையின் குரலில் திரும்பச் சொல்லியிருக்கிறேன். நேற்றுவரை தன் மனைவியின் செடி நின்ற மண், ஒரு வாக்கியத்தில் என் தானமாகிவிட்டது. உரிமை கோருவதைவிட நாசூக்காக உரிமையை நிலைநாட்டும் வழி தானம். என்னைவிட அண்ணாச்சி இதைச் சீக்கிரம் கண்டுகொண்டார்.

வக்கீல் நண்பர் ஒருவர் விஷயத்தை இன்னும் கூர்மையாக்கினார். 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம், 65ஆவது பிரிவு. ஒருவர் மண்ணை இன்னொருவர் எதிரிடையாக 12 வருஷம் அனுபவித்தால், மண்ணுக்குரியவர் அதைத் திரும்பக் கேட்கும் உரிமையை இழக்கிறார். எதிரிடையாக என்பது முக்கியம். அனுமதியின் பேரில் அனுபவித்தால் எத்தனை வருஷமானாலும் பாத்தியதை பிறக்காது. ஆகவே, 'அனுமதித்திருக்கிறேன்னு நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்க' என்றார்.

சட்டத்தில் குறையில்லை. ஆனால் அது நம்மைப் பற்றி என்ன சொல்கிறது என்பதுதான் என்னை உறுத்தியது. பகையாக இருந்தால் மண் சொந்தமாகும். சிநேகமாக இருந்தால் ஒருநாளும் ஆகாது. அண்டை வீட்டாருடன் நல்லபடியாக இருந்த வருஷங்களைச் சட்டம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நான் அந்த நாலு வரியை எழுதினேன். படித்துப் பார்த்தேன். என் அனுமதியின் பேரில் ஒரு செம்பருத்தி பூக்கப்போகிறது. கிழித்துவிட்டேன்.

பழைய ரோமில் எல்லைக்கல்லே ஒரு தெய்வம். டெர்மினஸ் என்று பெயர். பிப்ரவரி 23ஆம் தேதி அதற்குத் திருநாள். அண்டை நிலத்துக்காரர்கள் இருவரும் தத்தம் பக்கத்திலிருந்து வந்து ஒரே கல்லுக்கு மாலை சூட்டிச் சேர்ந்து விருந்துண்பார்கள். ரோமானியர்கள் சாதுக்கள் அல்ல. பிறர் மண்ணைப் பிடிப்பதில் அவர்களுக்கு இணையில்லை. ஆனாலும் ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கல் இருவரில் ஒருவருடையதல்ல. ஒருவர் மட்டும் வந்து பார்த்தால் அது வெறும் கல். இருவரும் வந்தால்தான் எல்லை. நான் செய்த பிழை இதுதான். ஒன்றரை அடியை அல்ல, எல்லையையே நான் தனியாகப் போய்க் கண்டுபிடித்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வாசலில் போய் நின்று, 'கல்லை வந்து நீங்களும் ஒருதரம் பாருங்க அண்ணாச்சி' என்றேன். வந்தார். இருவருமாகப் புதரை விலக்கினோம். நாடாவின் ஒரு நுனியை அவர் பிடித்தார். ஒன்றரை அடிக்கு மேல் ஓர் அங்குலம் வந்தது. 'இன்னும் ஓர் இஞ்ச் கூடல்லா இருக்கு' என்று சிரித்தார்.

சுவர் யோசனையைக் கைவிட்டேன். கல்லிலிருந்து நேர்க்கோட்டில் புதுப் போத்துகள் நட்டோம். முருங்கைக் கொம்பு ஒன்றை வெட்டித் தன் பக்கம் ஊன்றிக்கொண்டு பழைய மரத்தை அவரே எடுத்துவிட்டார். செம்பருத்தியைப் பெயர்த்தால் பிழைக்காது. அந்த இடத்தில் வேலி மட்டும் என் பக்கம் வளைந்து போகிறது. எல்லை எது, வளைவு எதற்காக, செடி இருக்கும்வரைதான் வளைவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அனுமதி என்ற சொல் அதில் இல்லை. வக்கீல் நண்பர் பார்த்துவிட்டு, 'நான் சொன்னதும் இதுதானே' என்றார். கோர்ட்டில் இருக்கலாம். தோட்டத்தில் அல்ல.

ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகவில்லை. நாடா எனக்குச் சாதகமாகச் சொன்ன பிறகுதான் நான் அவர் வாசலுக்குப் போனேன். அளவு மறுபக்கம் வந்து, என் கொய்யா அவர் மண்ணில் நிற்பதாக ஆகியிருந்தால், அவர் வந்து 'இருக்கட்டும்' என்று சொல்லியிருந்தால், நான் என்ன செய்திருப்பேன்? அவரைப்போல உள்ளே போய்விடும் நேர்மையாவது எனக்கு இருந்திருக்குமா? அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது.