ஏவலும் பொருளும்

சொல்லின் பொருள் ஏவலோடு சேர்ந்தே விளங்குகிறதா, தனித்து முன்பே விளங்குகிறதா என்பது பூர்வ மீமாம்சை என்னும் வேத விளக்கத் தத்துவ மரபின் பழைய வழக்கு. அம்மரபின் பிரபாகரர் கட்சியில், பெரியவர் ஒருவர் "பசுவைக் கொண்டு வா" என்று ஏவ, இன்னொருவர் செய்வதைப் பார்த்துக் குழந்தை மொழியைக் கற்கிறது. சொற்கள் வாக்கியத்தில் இணைந்தே பொருள் தருகின்றன. குமாரிலர் கட்சியில், ஒவ்வொரு சொல்லும் முதலில் தன் பொருளைத் தருகிறது. வாக்கியப் பொருள் பின்னர் கூடுகிறது.

கணினியில் கட்டளை வரி கற்பவருக்கும் இந்த வழக்கு உண்டு. லினக்ஸில் 'பிடபிள்யூடி' நாம் இருக்கும் கோப்புறையையும், 'எல்எஸ்' அதிலுள்ள கோப்புகளையும் காட்டும். 'சிடி' வேறு கோப்புறைக்கு மாற்றும். இவற்றைத் தட்டிப் பார்த்தே கற்கலாம், தவறினாலும் கேடில்லை. 'ஆர்எம்' அப்படியன்று. குப்பைத்தொட்டிக்கு அனுப்பாமல் கோப்பை அழித்துவிடும். அதன் பொருளை அறிந்த பிறகே ஏவ வேண்டும்.

 'மேன்' என்னும் கையேடு பொதுவாகக் கணினிக்குள்ளேயே இருப்பதால், அந்தமானில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு (முன்பு போர்ட் பிளேர்) எதிர்க்கரையான பாம்பூஃப்ளாட்டில் இணையம் அறுந்தாலும் 'ஆர்எம்' கட்டளையின் பொருளைப் படித்தறியலாம். ஆகவே, மீட்கக்கூடிய செயலில் பிரபாகரர் வழியும், மீட்க முடியாத செயலில் குமாரிலர் வரிசையும் கற்பவருக்குப் பொருந்தும்.